இந்தியாவில் கிரிப்டோகரன்சி: சட்டநிலை, ஒழுங்குமுறை, வரிவிதிப்பு

இந்தியாவில் கிரிப்டோகரன்சி தடை செய்யப்பட்ட பொருளும் அன்று, அரசு ஏற்றுக்கொண்ட பணமும் அன்று. அதை வாங்குவதோ, விற்பதோ, வைத்திருப்பதோ தன்னளவில் குற்றமில்லை. ஆனால் ரூபாயைப் போல அதைக் கொடுத்துக் கடனைத் தீர்க்கவோ வரி செலுத்தவோ முடியாது. அதன் விற்பனையில் கிடைக்கும் இலாபத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. அந்த வணிகத்தை முழுமையாக ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் மட்டும் இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே வரி வந்துவிட்டது என்பதே இந்திய நிலைமையின் தனித்தன்மை. இந்த நிலை 2013 முதல் எச்சரிக்கை, வங்கித் தடை, நீதிமன்றத் தீர்ப்பு, வரி எனப் படிப்படியாக உருவானது.

பின்னணி

சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வறிக்கை பிட்காயினின் அடிப்படையை விளக்கியது. 2009 சனவரியில் அதன் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. வங்கியோ அரசோ நடுவில் இல்லாமல், ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாக மதிப்பை அனுப்ப இது வழிசெய்தது. ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. அந்தப் பேரேட்டின் படிகள் உலகெங்கும் உள்ள கணினிகளில் இருப்பதால், ஒருவர் தம் விருப்பப்படி அதைத் திருத்த முடியாது.

இதுவே அரசுகளுக்குச் சிக்கலாகவும் அமைந்தது. ஒரு நாட்டின் பணத்தை வெளியிடுவதும், அதன் புழக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் மைய வங்கியின் பணி. மைய வங்கி வெளியிடாத, அதன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று பணத்தைப் போலவே கைமாறத் தொடங்கும்போது அதைப் பணம் என்பதா, பண்டம் என்பதா, பங்குப் பத்திரம் என்பதா, சூதாட்டம் என்பதா என்ற கேள்வி எழுகிறது. இந்தியச் சட்டம் இக்கேள்விக்கு நீண்ட காலம் விடை கூறவில்லை.

எச்சரிக்கைக் காலம் (2013–2017)

இந்திய ரிசர்வ் வங்கி 2013 திசம்பர் 24 அன்று தன் முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. மெய்நிகர் நாணயங்களை எந்த மைய வங்கியும் வெளியிடவில்லை. அவற்றின் மதிப்புக்குப் பின்னால் எந்தச் சொத்தும் இல்லை. கணினி ஊடுருவலாலோ கடவுச்சொல் இழப்பாலோ பணம் போனால் முறையிட இடமில்லை என்பன அதன் சாரம். அடுத்த சில நாள்களில் அமலாக்கத் துறை அகமதாபாத்தில் சோதனை நடத்தியது. சில இணையத்தளங்கள் தம் பணியைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டன.

ஆயினும் வணிகம் நிற்கவில்லை. 2016 நவம்பர் 8 அன்று 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்ட பின்னர், பண நோட்டுக்கு மாற்றான வழிகள் குறித்த ஆர்வம் நாடெங்கும் கூடியது. 2017இல் உலகச் சந்தையில் பிட்காயினின் விலை ஏறக்குறைய 1,000 டாலரில் தொடங்கி, திசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது. இந்த ஏற்றம் இந்திய இளைஞர்கள் பலரை ஈர்த்தது.

ரிசர்வ் வங்கி 2017 பிப்ரவரியிலும் திசம்பரிலும் தன் எச்சரிக்கையை மீண்டும் வெளியிட்டது. திசம்பர் நடுப்பகுதியில் வருமான வரித் துறை பல நகரங்களில் இருந்த எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பரிமாற்றகங்களில் ஆய்வு நடத்தி வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டியது. அம்மாத இறுதியில் நிதி அமைச்சகம் இவ்வகை நாணயங்களைப் போன்சி எனப்படும் மோசடித் திட்டங்களுடன் ஒப்பிட்டு எச்சரித்தது. எச்சரிக்கைகள் பெருகினாலும், தடை செய்யும் சட்டமோ அனுமதிக்கும் சட்டமோ இயற்றப்படவில்லை.

வங்கிக் கதவு அடைபடுதல் (2018)

2018 பிப்ரவரி 1 அன்று வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி, கிரிப்டோகரன்சியை அரசு சட்டப்பூர்வப் பணமாகக் கருதவில்லை என்றும், சட்டவிரோதச் செயல்களுக்கு அது பயன்படுவதை ஒழிக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அறிவித்தார். பிளாக்செயின் தொழில்நுட்பத்தின் பயனை அரசு ஆராயும் என்றும் அவர் கூறினார். நாணயத்தை ஐயத்துடனும் தொழில்நுட்பத்தை ஆர்வத்துடனும் பார்க்கும் இந்த இரட்டைப் பார்வை பின்னாளிலும் தொடர்ந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மெய்நிகர் நாணயங்களில் ஈடுபடக் கூடாது. அவற்றில் ஈடுபடுவோருக்குச் சேவை வழங்கவும் கூடாது. ஏற்கெனவே வழங்கி வருவோர் மூன்று மாதங்களுக்குள் விலக வேண்டும் என்று அது ஆணையிட்டது.

இச்சுற்றறிக்கை கிரிப்டோவைக் குற்றமாக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் ரூபாயைப் போடவும் எடுக்கவும் வங்கிக் கணக்கு இல்லாமல் பரிமாற்றகங்கள் இயங்க முடியவில்லை. செப்பே தன் பரிமாற்றகப் பணியை 2018 செப்டம்பரில் நிறுத்தியது. கொய்னெக்ஸ் 2019 சூனில் மூடப்பட்டது. எஞ்சிய சில நிறுவனங்கள், வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் நேரடியாகப் பணம் அனுப்பிக்கொள்ளும் முறைக்கு மாறின. இதனால் வணிகம் வங்கிகளின் பார்வையிலிருந்து விலகியதே தவிர, மறைந்துவிடவில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (2020)

சுற்றறிக்கையை எதிர்த்து இந்திய இணைய மற்றும் கைப்பேசிச் சங்கமும் பரிமாற்றகங்கள் சிலவும் உச்ச நீதிமன்றத்தை அணுகின. நீதிபதிகள் ரோஹின்டன் ஃபாலி நாரிமன், அனிருத்தா போஸ், வி. இராமசுப்பிரமணியன் ஆகியோர் கொண்ட அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பு வழங்கியது. முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த இராமசுப்பிரமணியன் தீர்ப்பை எழுதினார்.

தீர்ப்புக்கு இரு பகுதிகள் உண்டு. முதல் பகுதி ரிசர்வ் வங்கிக்குச் சாதகமானது. கிரிப்டோகரன்சி சட்டப்பூர்வப் பணமாக இல்லாவிடினும் பணத்தின் சில பணிகளைச் செய்ய வல்லது. எனவே அதைக் குறித்து நடவடிக்கை எடுக்க ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு. தீங்கு நேரும்வரை அது காத்திருக்க வேண்டியதும் இல்லை என்று நீதிமன்றம் கூறியது.

இரண்டாம் பகுதியில் சுற்றறிக்கை நீக்கப்பட்டது. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(எ) பிரிவு அளிக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் ஜி என்று குறிக்கப்படும் உட்பிரிவு அது. அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை, அதன் நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விகிதாச்சாரக் கோட்பாடு. பரிமாற்றகங்களுடன் தொடர்பு வைத்ததால் ஏதேனும் ஒரு வங்கிக்குத் தீங்கு நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி காட்டவில்லை. மெய்நிகர் நாணயங்களைத் தான் தடை செய்யவில்லை என்றும் அவ்வங்கியே கூறியது. நாடாளுமன்றம் தடை செய்யாத ஒரு தொழிலின் உயிர்நாடியான வங்கித் தொடர்பை முற்றிலும் துண்டிப்பது அளவுக்கு மீறியது என நீதிமன்றம் முடிவு செய்தது.

இத்தீர்ப்பு கிரிப்டோவைச் சட்டப்பூர்வமாக்கியது என்று பலரும் புரிந்துகொண்டனர். உண்மையில் அது ஒரு சுற்றறிக்கையை மட்டுமே நீக்கியது. நாடாளுமன்றம் விரும்பினால் தடைச் சட்டம் இயற்றலாம் என்ற நிலை அப்படியே இருந்தது. தீர்ப்புக்குப் பின்னரும் சில வங்கிகள் பழைய சுற்றறிக்கையைச் சுட்டி வாடிக்கையாளர்களை எச்சரித்து வந்ததால், அதை இனி மேற்கோள் காட்டக் கூடாது என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெரிவித்தது.

அவைக்கு வராத சட்ட முன்வரைவுகள்

இதற்கிடையே தடைச் சட்டம் இயற்றும் முயற்சியும் நடந்தது. பொருளாதார விவகாரச் செயலர் சுபாஷ் சந்திர கர்க் தலைமையில் 2017 நவம்பரில் அமைக்கப்பட்ட அமைச்சகங்களுக்கு இடையிலான குழு தன் அறிக்கையை 2019 பிப்ரவரியில் அளித்தது. அது சூலையில் வெளியிடப்பட்டது. அரசு வெளியிடுபவை தவிர்த்த எல்லாக் கிரிப்டோகரன்சிகளையும் தடை செய்ய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அறிக்கையுடன் இணைந்த சட்ட முன்வரைவு, அவற்றை உருவாக்குவது, வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது ஆகியவற்றைத் தடை செய்ததுடன், 10 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்கும் வகை செய்தது.

அம்முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. 2021இல் இரு முறை, வரவு செலவுத் திட்டக் கூட்டத் தொடருக்கும் குளிர்காலக் கூட்டத் தொடருக்கும், இதே பொருள் குறித்த ஒரு மசோதா பட்டியலில் இடம்பெற்றது. இரு முறையும் அது அறிமுகம் செய்யப்படவில்லை. ஆனால் பட்டியல் வெளியானதே சந்தையைக் கலக்கியது. நவம்பரில் இந்தியப் பரிமாற்றகங்களில் விலைகள் கடுமையாகச் சரிந்தன.

2022 வரிவிதிப்பு

2022க்கு முன்பு கிரிப்டோ இலாபத்துக்கு எப்படி வரி கட்டுவது என்பதில் தெளிவில்லை. சிலர் மூலதன ஆதாயமாகவும், சிலர் வணிக வருமானமாகவும் காட்டினர். சிலர் காட்டவே இல்லை.

2022 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம் இதற்கு முடிவு கட்டியது. வருமான வரிச் சட்டத்தில் 2(47ஏ) என்ற புதிய உட்பிரிவு ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்ற சொல்லாட்சிக்கு வரையறை தந்தது. கிரிப்டோகரன்சியும், என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் வில்லைகளும் அதில் அடங்கின. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 115பிபிஎச் பிரிவின் விதிகள் வருமாறு:

- இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி. அதன் மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும், வருமானம் மிகுந்தவர்களுக்கு மிகைவரியும் உண்டு.
- வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். வேறு எந்தச் செலவையும் கழிக்க இயலாது.
- ஒரு நாணயத்தில் ஏற்பட்ட இழப்பை மற்றொரு நாணயத்தின் இலாபத்திலோ வேறு வருமானத்திலோ ஈடுசெய்ய முடியாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.
- எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் வரி விகிதம் ஒன்றே.

மூன்றாவது விதியின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் ஒரே ஆண்டில் இரு நாணயங்களை விற்கிறார் என்று கொள்வோம். முதலாவதில் அவருக்கு 50,000 ரூபாய் இலாபம். இரண்டாவதில் 40,000 ரூபாய் இழப்பு. கையில் மிஞ்சுவது 10,000 ரூபாய்தான். ஆனால் வரி 50,000 ரூபாய்க்குக் கணக்கிடப்படும். 30 விழுக்காடாக 15,000 ரூபாயும், அதன் மேல் தீர்வையாக 600 ரூபாயும் சேர்ந்து 15,600 ரூபாய் கட்ட வேண்டும். ஈட்டியதைவிட 5,600 ரூபாய் கூடுதலாக அவர் செலுத்துகிறார். பங்குச் சந்தையில் இதே நிலை ஏற்பட்டிருந்தால் இழப்பை இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கழிக்க இயலாத மூலதன இழப்பை எட்டு ஆண்டுகள்வரை எடுத்துச் செல்லவும் முடியும்.

இந்த வரி கிரிப்டோவுக்கு அளிக்கப்பட்ட ஏற்பு என்று எழுந்த பேச்சை அரசு மறுத்தது. வரி விதிப்பது இறைமையுள்ள அரசின் உரிமை; தடை செய்வதா இல்லையா என்பது பின்னர் முடிவாகும் என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் கூறினார். தமிழ்நாடு பிரிவு இந்திய ஆட்சிப் பணி அதிகாரியும் அப்போதைய நிதிச் செயலருமான டி. வி. சோமநாதன், குதிரைப் பந்தய வெற்றிப் பணம் போன்றவற்றுக்கு விதிக்கப்படும் வரியுடன் இதை ஒப்பிட்டு விளக்கினார்.

மூலத்தில் வரிப்பிடித்தம்

டிடிஎஸ் எனப்படும் மூலத்தில் வரிப்பிடித்தம் 194எஸ் பிரிவின்கீழ் 2022 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குக் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் விற்பனைகளில், விற்ற தொகையில் 1 விழுக்காடு பிடிக்கப்பட்டு அரசுக்குச் செல்கிறது. பொதுவான வரம்பு 10,000 ரூபாய். தனிநபர் பலருக்கு 50,000 ரூபாய். இலாபமா இழப்பா என்பது இதில் பார்க்கப்படுவதில்லை. இத்தொகையை ஆண்டு இறுதிக் கணக்கில் வரியுடன் சரிசெய்துகொள்ளலாம். கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம்.

விகிதம் சிறியதாகத் தோன்றினாலும், அடிக்கடி வாங்கி விற்பவருக்கு இது பெருஞ்சுமை. 1,00,000 ரூபாயை முதலாக வைத்து, விலை மாற்றமே இல்லாத நிலையிலும் 50 முறை வாங்கி விற்றால், ஒவ்வொரு முறையும் 1 விழுக்காடு கழிந்து கையில் ஏறக்குறைய 60,500 ரூபாயே எஞ்சும். மற்றது வருமான வரிக் கணக்கு முடியும்வரை முடங்கிக் கிடக்கும். இந்தப் பிடித்தத்தின் முதன்மைப் பயன் வருவாய் அன்று, பரிமாற்றங்களின் தடத்தைப் பதிவு செய்வதே. ஆனால் அது நடைமுறைக்கு வந்ததும் உள்நாட்டுப் பரிமாற்றகங்களில் வணிக அளவு வீழ்ந்தது. பலர் வரி பிடிக்காத வெளிநாட்டுத் தளங்களுக்கு மாறினர். தடம் அறியக் கொண்டுவந்த விதி, அதே தடத்தை நாட்டுக்கு வெளியே தள்ளியது என்ற விமர்சனம் இதனால் எழுந்தது.

இவற்றுடன், பரிமாற்றகங்கள் பெறும் கட்டணத்துக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு.

பணமோசடித் தடுப்பு விதிகள்

2023 மார்ச் 7 அன்று மத்திய அரசு கிரிப்டோ சேவை நிறுவனங்களை 2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அவை நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். ஐயத்துக்குரிய பரிமாற்றங்களை அறிவிக்க வேண்டும். நாட்டில் அலுவலகம் இல்லாவிடினும் இந்தியர்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

2023 திசம்பர் 28 அன்று பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டுத் தளங்களுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது. அடுத்த மாதம் அவற்றின் இணையத்தளங்கள் முடக்கப்பட்டன. சில நிறுவனங்கள் பின்னர்ப் பதிவு செய்து, அபராதம் கட்டித் திரும்பி வந்தன. பைனான்ஸ் நிறுவனத்துக்கு 2024 சூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த விதிகள் குற்றப் பணத்தைக் கண்டறிய உதவுபவை. பரிமாற்றகம் தன் வாடிக்கையாளரின் நாணயங்களை எப்படிப் பாதுகாக்க வேண்டும், களவு போனால் யார் ஈடு செய்ய வேண்டும் என்பவற்றை அவை கூறவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், அதாவது 30 விழுக்காடு வரி தொடங்கிய அதே நாள் முதல், இந்திய விளம்பரத் தரக் குழுவின் நெறிமுறை கிரிப்டோ விளம்பரங்களில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இவை ஒழுங்குபடுத்தப்படாதவை, இழப்பு நேர்ந்தால் ஒழுங்குமுறை வழியிலான தீர்வு இல்லாமல் போகலாம் என்பது அதன் பொருள்.

டிஜிட்டல் ரூபாய்

தனியார் நாணயங்களை ஏற்காத ரிசர்வ் வங்கி, தானே வெளியிடும் டிஜிட்டல் ரூபாயை மாற்றாக முன்வைத்தது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே, வங்கித்தாள் என்பது டிஜிட்டல் வடிவத்தையும் உள்ளடக்கும் வகையில் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. மொத்தப் பரிவர்த்தனைக்கான சோதனை 2022 நவம்பர் 1 அன்றும், பொதுமக்களுக்கான சோதனை திசம்பர் 1 அன்றும் தொடங்கின. இது ரூபாயின் மற்றொரு வடிவமே என்பதால் இதற்குக் கிரிப்டோ வரி பொருந்தாது.

பரிமாற்றகக் களவும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும்

சட்டமின்மையின் விளைவு 2024 சூலை 18 அன்று வெளிப்பட்டது. வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்தின் ஒரு பணப்பையிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேலான மதிப்புள்ள நாணயங்கள் கணினி ஊடுருவலால் களவு போயின. பணம் எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டது. களவு போகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. சிங்கப்பூரில் இருந்த அதன் தொடர்பு நிறுவனம், இழப்பை எல்லா வாடிக்கையாளருக்கும் பகிரும் மறுசீரமைப்புத் திட்டத்தை அந்நாட்டு நீதிமன்றத்தில் முன்வைத்தது. வரி கட்டிவந்த இந்திய வாடிக்கையாளர்கள், தம் பணத்துக்காக வேறொரு நாட்டின் நீதிமன்றத்தை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது.

எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கோரினார். களவு போனது வேறு வகை நாணயம், தம்முடையது அன்று என்பது அவர் வாதம். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார். கிரிப்டோகரன்சி தொட்டறியும் பொருளும் அன்று, நாணயமும் அன்று. ஆயினும் அது உடைமையாகக் கொள்ளவும் அனுபவிக்கவும் கூடிய சொத்து. பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடியது என்று தீர்ப்பு கூறியது. நியூசிலாந்தின் கிரிப்டோபியா வழக்குத் தீர்ப்பை அது எடுத்தாண்டது. வருமான வரிச் சட்டத்தின் 2(47ஏ) வரையறையையும் அது சுட்டியது.

வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட ஒரு வரையறை, அதை வைத்திருப்பவரின் சொத்துரிமைக்குத் துணைநின்றது என்பதால் இத்தீர்ப்பு முதன்மை பெறுகிறது. சொத்து என்றானால், பரிமாற்றகம் அதன் உரிமையாளர் அன்று. வாடிக்கையாளருக்காக அதை வைத்திருக்கும் பொறுப்பாளர். ஒருவருடைய சொத்தைக் கொண்டு மற்றவரின் இழப்பை ஈடுசெய்யலாமா என்ற கேள்வியும் அதிலிருந்தே எழுகிறது. எனினும் இது ஓர் உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் குறித்து அளித்த ஆணை. நாடு முழுமைக்குமான சட்டம் அன்று.

அண்மைய நிலை

2025 மே மாதம் ஒரு வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, 30 விழுக்காடு வரி விதிக்கும் அரசு அதை ஒழுங்குபடுத்தத் தெளிவான கொள்கை வகுக்காதது ஏன் என்று கேட்டது. எல்லை கடந்த ஒரு தொழிலை ஒரு நாடு மட்டும் ஒழுங்குபடுத்துவது பயன் தராது, பன்னாட்டு ஒத்துழைப்பு வேண்டும் என்பது அரசு தொடர்ந்து கூறிவரும் விளக்கம். 2023இல் இந்தியத் தலைமையில் நடந்த ஜி20 அமைப்பிலும் இதையே அது வலியுறுத்தியது.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 30 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு பிடித்தமும் அதிலும் தொடர்கின்றன. பரிமாற்றகங்கள் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை விவரங்களை வருமான வரித் துறைக்கு அளிக்கும் கடமையும் சேர்க்கப்பட்டுள்ளது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு வகுத்த முறைப்படி, 2027 முதல் நாடுகள் தங்களுக்குள் இவ்விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டிலும் இந்தியா இணைகிறது.

இதனால், கிரிப்டோ வைத்திருப்பவர் அரசுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் இன்று தெளிவாக உள்ளன: ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் நாளும் விலையும் குறித்த பதிவை வைத்திருத்தல், வருமான வரிப் படிவத்தில் இதற்கெனச் சேர்க்கப்பட்ட அட்டவணையை நிரப்புதல், இழப்பு இருந்தாலும் இலாபத்துக்கு முழு வரி செலுத்துதல். பரிமாற்றகம் வீழ்ந்தால் அவர் எதை, யாரிடம் கேட்கலாம் என்பதற்கு மட்டும் இன்னும் சட்ட நூலில் விடையில்லை. அதை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்காக எழுதி வருகின்றன.